வெட்டிய பூச்சியங்கள்

மல்கிரேவ், மெல்பேர்ண்
21.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுஜீவா எழுதுகிறேன். நான், இவர், மகள் வினுஷா மூன்று பேரும் சுகம். உங்கள் சுகம் எப்படி? இரத்தத்தில் சீனி எவ்வளவில் நிற்கிறது? புதுச் சப்பாத்து கடித்து இடது காலில் புண் வந்தது என்று மாசியில் எழுதியிருந்தீர்கள். அது ஆறிவிட்டதா? முதலில் இதற்குப் பதில் எழுதிவிட்டு மற்றக் கதைக்குப் போங்கள். உங்களைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

வருடம் பிறந்து ஒரு கிழமை. இந்த முறை உங்கள் கைவிசேஷம் வரவில்லை. நீங்கள் சிம்பாப்வேக்குப் படிப்பிக்கப் போன 83ஆம் ஆண்டிலிருந்து ஒரு வருடமும் தவறாமல், கடித உறைக்குள் அந்த நாட்டில் செல்லுபடியாகும் காசுத் தாள் ஒன்றை வைத்து, வருடப் பிறப்புக்கு முன் என் கையில் கிடைக்கப் பண்ணுவீர்கள். சண்டை நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்த காசு அது. பங்குனிக் கடைசியில் தபால்பெட்டியை எட்டிப் பார்ப்பது எனக்கு இங்கேயும் பழகிவிட்டது. இந்த முறை ஒரு வீட்டுத் தரகரின் விளம்பரம்தான் கிடந்தது. இவர் தன் பங்குக்கு ஐம்பது டொலர் நீட்டினார். "நீங்கள் என்ன எனக்கு மூத்த சகோதரமோ?" என்று ஏசினேன். ஏசிவிட்டு வாங்கி வைத்துக்கொண்டேன், அது வேறு.

காசுக்காக எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியும். வருடத் தொடக்கத்தில் ஒரு வழக்கம் விடுபட்டால் மனம் கெட்டதைத்தான் நினைக்கிறது. போனில் கேட்கலாம் என்றால் உங்கள் காதுக்கு நான் கத்த வேண்டும், பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறா. அதனால் வழமைபோலக் கையால் எழுதி, சந்தியில் இருக்கும் நகல் கடையில் கொடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தைக் கண்டால்தான் எனக்கு நிம்மதி.

என்றும் உங்கள் தங்கச்சி,
சுஜீவா


ஹராரே
06.05.2024

அன்புத் தங்கச்சி சுஜீவாவுக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சுகம். சீனி சொல்வழி கேட்கிறது. புண் ஆறிக்கொண்டு வருகிறது. முதலில் எழுதச் சொன்னாய், எழுதியாயிற்று. இனி மற்றக் கதை.

கைவிசேஷம் ஏன் வரவில்லை என்றால், இந்த வருடம் சித்திரை பிறந்தபோது இங்கே காசு இல்லை. என்னிடம் இல்லை என்று சொல்லவில்லை, நாட்டிடமே இல்லை. பங்குனி முழுக்க அந்தக் கதை அடிபட்டு, ஏப்ரல் ஐந்தாம் திகதி, பழைய டொலர் முடிந்தது, இனிப் புதுக் காசு என்று அறிவித்தார்கள். பெயர் சிம்பாப்வே கோல்ட். சுருக்கி ஸிக் என்கிறார்கள். ஆனால் புதுத் தாள் சனத்தின் கைக்கு வந்தது முப்பதாம் திகதி. பழையது சாகக் கிடக்கிறது, புதியது பிறக்கவில்லை, நடுவில் எங்கள் வருடப் பிறப்பு வந்து நின்றது. கைவிசேஷம் என்றால் வாங்கிய அன்றே கடைக்குக் கொண்டுபோகக் கூடிய காசாக இருக்கவேண்டும் என்று எங்கள் ஐயா சொல்வார். சாகப்போகிற தாளை உனக்கு எப்படி அனுப்புவது?

ஒரு அமெரிக்க டொலரை வைத்திருக்கலாமே என்பாய். இந்த ஊரில் பாணுக்கும் பஸ்ஸுக்கும் எல்லாரும் அதைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கு அது வராது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வணிகம் படிப்பித்தவன் நான். காசு என்பது ஒரு நாடு தன் சனத்துக்குக் கொடுக்கிற வாக்கு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அடுத்த நாட்டின் வாக்கைத் தலையணைக்குள் ஒளித்து வைப்பது எப்படி?

பத்து ஸிக் தாள் ஒன்றை, ஜொகன்னஸ்பேர்க் போகிற ஒருவரிடம் கொடுத்து உனக்குத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். இது தங்கத்தின்மேல் நிற்கிற காசாம். நிற்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இன்னொரு விசேஷம், சிரிக்காதே. இந்த நாட்டுக் காசின் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆர் வாசிப்பது என்று கேளாதே, நீ ஒருத்தி இருக்கிறாய். 1980இல் சுதந்திரத்தோடு பிறந்தபோது சிம்பாப்வே டொலர் அமெரிக்க டொலரை விடப் பெறுமதி. என் முதல் சம்பளத்தில் அனுப்பிய தாளை நீ வங்கியில் காட்ட, மனேச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே. அதுதான் முதல் அத்தியாயம்.

மச்சானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

அண்ணன்,
அருந்தவன்


மல்கிரேவ்
02.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், குளிர்தான் ஆளைத் தின்கிறது. உங்கள் பத்து ஸிக் வந்து சேர்ந்தது. சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன். பிந்தி வந்தாலும் கைவிசேஷம் கைவிசேஷம்தான்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் தெண்டாய் என்று ஒரு தாதி இருக்கிறாள். ஹராரேயில் பிறந்து வளர்ந்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாளைக் காட்டினேன். முந்தி நீங்கள் அனுப்பியவற்றையும் அடுத்த நாள் கொண்டுபோய்க் காட்டினேன். நூறு ட்ரில்லியன் தாளைக் கண்டதும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "இந்தத் தாளோடு அம்மா பாண் வாங்கப் போய் வெறுங்கையோடு வந்தவ" என்றாள். உங்கள் புத்தகத்துக்கு இரண்டாவது வாசகி கிடைத்துவிட்டாள், தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

அண்ணா, நான் புண் கட்டுகிற வேலை செய்கிறவள். மாசியில் வந்த புண் வைகாசியில் ஆறிக்கொண்டு வரக்கூடாது, ஆறியிருக்க வேண்டும். சீனிக்காரருக்குக் காலில் விளையாட்டு இல்லை. வீடியோவில் வாருங்கள், எனக்குக் காலைக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று. மாதம் முந்நூறு டொலர் அனுப்புகிறேன் என்று எத்தனை தரம் கேட்டுவிட்டேன்? கூடப் பிறந்த பெண்ணிடம் கை நீட்டுவதா என்பீர்கள். ஐயா செத்த பிறகு என் படிப்பு, என் கல்யாணம், நாங்கள் இங்கே வந்த டிக்கெட், எல்லாம் உங்கள் வாத்தியார்ச் சம்பளம். அப்போது நான் வாங்கினேன்தானே? வாங்கி நான் என்ன தேய்ந்தா போனேன்?

அண்ணி போய்ப் பதினாறு வருடம். அந்த வீட்டில் தனியாக இருந்து ஆருக்கு என்ன காட்டுகிறீர்கள்? இங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது. மூன்று மாதம் வந்து இருந்து பாருங்கள். இவர் விசா அலுவல் எல்லாம் பார்ப்பதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
சுஜீவா


ஹராரே
07.07.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் எல்லாருக்கும் என் வாழ்த்து. இங்கேயும் குளிர். நான் கம்பளிக்குள் இருந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் குளிரைக் குற்றம் சொல்.

வீடியோ என்றாய். இங்கே டேட்டா விற்கிற விலையில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு கிழமை மரக்கறி வாங்கலாம். என் முகத்தில் அப்படி ஒன்றும் புதிதாக முளைத்துவிடவில்லை.

இரண்டு அத்தியாயம் முடித்துவிட்டேன். 2003இல் தாள் தட்டுப்பாடு வந்தபோது, காசோலை மாதிரி ஒன்றை அச்சடித்து இதுதான் காசு என்றார்கள். அதிலே முடிகிற திகதி போட்டிருந்தது, பால் பெட்டியில் போடுவதுபோல. எந்தத் தாள் முதலில் பழுதாகும் என்று பார்த்து உன் அண்ணி சிவாஜினி அடுக்கி வைப்பாள். சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு 2006 ஓகஸ்டில் மூன்று பூச்சியத்தை வெட்டினார்கள். ஆயிரம் டொலர் ஒரு டொலரானது. சம்பளப் பை மெலிந்தது, சாமான் விலையும் மெலிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். சிவாஜினி குசினியில் இருந்து சொன்னாள்: "பூச்சியத்தை வெட்டினால் நோய் மாறுமோ? அது உள்ளுக்கெல்லோ இருக்கு." ஆறு மாதத்தில் அவள் சொன்னதுதான் சரி. பூச்சியங்கள் திரும்ப முளைத்தன.

காரை விற்றுவிட்டேன். கண் மங்கல், இனி ஓட்டுவது சரியில்லை. வாங்கியவர் அமெரிக்க டொலரை நீட்டினார். ஸிக்கில் தாரும், வங்கியில் போடும் என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். போட்டுவிட்டார். சொன்னால் நம்பமாட்டாய், மூன்று மாதமாக ஸிக் அசையாமல் நிற்கிறது. உன் அண்ணன் எல்லா முறையும் ஏமாறுகிற ஆள் இல்லை.

மருமகளைத் தமிழில் இரண்டு வரி எழுதச் சொல்.

அண்ணன்


மல்கிரேவ்
25.08.2024

அண்ணா,

சுகமா? ஏழு கிழமையாகப் பதில் இல்லை. நடுவில் இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், இது மூன்றாவது. போன் அடித்தால் எடுக்கிறீர்கள் இல்லை. போன கடிதத்தில் கண், கார், பால் பெட்டி எல்லாம் இருந்தது. காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஐந்து தரம் வாசித்தேன், இல்லை.

எனக்குக் கோபமாக இருக்கிறது. கோபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வரி போதும், இருக்கிறேன் என்று எழுதுங்கள். வினுஷாவும் கீழே எழுத வேண்டும் என்று கேட்டாள், அவளே தட்டியது:

மாமா ப்ளீஸ் ரிப்ளை பண்ணுங்கோ. அம்மா நித்திரை இல்லை.

சுஜீவா


ஹராரே
15.09.2024

அன்புத் தங்கச்சிக்கும் அருமை மருமகளுக்கும்,

இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். மருமகளின் தமிழைப் பார்த்து மனம் நிறைந்தது.

வேறு மின்னஞ்சல் முகவரியிலிருந்து வருகிறதே என்று யோசிப்பாய். நகல் கடையை மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மிசிஸ் சிபாண்டாவின் போனில் படமெடுத்து அனுப்புகிறோம். அவவுக்குத் தமிழ் எழுத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. எல்லாம் வட்டமும் சுழியும், இதில் எத்தனை பூச்சியம் என்று கேட்கிறா.

நகரம் முழுக்க ஜக்கரண்டா மரம் பூத்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் தெரு ஊதா. யன்னலால் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது 2009. பெப்ரவரியில் பன்னிரண்டு பூச்சியத்தை வெட்டினார்கள். நூறு ட்ரில்லியன் நூறு டொலர் ஆனது. ஏப்ரலில் அந்தக் காசையே கைவிட்டார்கள். பிறகு சில வருடம் அமெரிக்கத் தாள்தான், உனக்கு வந்த கைவிசேஷமும் அதுதான். எத்தனையோ கை மாறி அழுக்கேறிய ஒற்றை டொலர்களை சனம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் காயவிட்டது. 2015இல் பழைய டொலருக்கு ஒரு முடிவு கட்டினார்கள். வங்கிக் கணக்கில் எத்தனை ட்ரில்லியன் கிடந்தாலும், கையில் தந்தது ஐந்து அமெரிக்க டொலர். எனக்கும் ஐந்து கிடைத்தது. இருபத்தாறு வருட உழைப்பு. அதில் ஒரு றாத்தல் தேயிலையும் பிஸ்கட்டும் வாங்கினேன்.

கடிதம் பிந்தினால் மனதைப் போட்டு உழப்பாதே. வயதான மனிதன், எழுதுவதில் மூழ்கினால் நாள் போவது தெரிவதில்லை.

அண்ணன்


மல்கிரேவ்
06.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதினால் நம்புவதா இல்லையா என்று தெரியாத நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கு முதல் வெள்ளி ஸிக்கின் பெறுமதியை ஒரே நாளில் நாற்பது வீதத்துக்கு மேல் குறைத்துவிட்டார்கள் என்று தெண்டாய் காலையில் வந்து சொன்னாள். கார் விற்ற காசு வங்கியில்தானே கிடந்தது? அசையாமல் நிற்கிறது என்று எழுதினீர்களே. வாசித்தபோது எனக்கு உங்களோடு சண்டை போட வேண்டும்போல இருந்தது. அண்ணியையும் இந்தக் காசுதான் கொண்டு போனது. இன்னும் அதற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2006 எழுதினீர்கள், 2009 எழுதினீர்கள். 2008 எங்கே?

தெண்டாய் இந்த மாதம் இருபதாம் திகதி லீவில் ஹராரே போகிறாள். உங்கள் விலாசம் கொடுத்திருக்கிறேன். சீனி பார்க்கிற மெசினும் அதற்கான தாள்களும், பருத்தித்துறை வடையும், இரண்டு பெட்டி தேயிலையும் கொண்டு வருவாள். நல்ல பிள்ளை. ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

அன்புடன்,
சுஜீவா


ஹராரே
09.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். அந்தப் பிள்ளையை அலைக்கழிக்காதே. லீவில் வருகிறவள் தாய் தகப்பனோடு இருக்கட்டும். எங்கள் பக்கம் பெற்றோல் தட்டுப்பாடு, பாதையும் சரியில்லை. சாமானை மிசிஸ் சிபாண்டாவின் மகள் வேலை செய்கிற கடையில் கொடுத்தால் போதும், விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வர வேண்டாம். சொன்னால் கேள்.

2008 எழுத வேண்டும். பிறகு.

அண்ணன்


மல்கிரேவ்
03.11.2024

அண்ணா,

தெண்டாய் உங்கள் வீட்டுக்கு வந்தாள். நான்தான் கட்டாயம் போ என்று சொன்னேன். போன கிழமை அவள் அங்கிருந்து போன் எடுத்தாள். எடுத்ததும், பக்கத்தில் ஆரும் இருக்கிறார்களா என்று கேட்டாள். தாதிகள் இப்படிக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னொரு தாதிக்குத் தெரியும்.

உங்கள் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

பூச்சியம் வெட்டிய கதையை நீங்கள் ஆடியில் எனக்கு எழுதியபோது இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதினீர்களாம். குளிரைக் குற்றம் சொல் என்றீர்கள். நான் நம்பினேன். ஏழு கிழமை பதில் இல்லாமல் நான் இங்கே கத்திக்கொண்டிருந்தபோது காலை எடுத்துவிட்டார்கள். பிறகு ஜக்கரண்டா பூத்ததைப் பற்றி எழுதினீர்கள். நகல் கடை மூடவில்லை. அங்கே நடந்து போக உங்களுக்குக் கால் இல்லை.

இப்போது வலது காலும் கறுத்துவிட்டதாம். அதையும் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்ல, நீங்கள் வேண்டாம் என்று வந்துவிட்டீர்களாம். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று தெண்டாய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்தில் பார்த்திருக்கிறேன். மாதக் கணக்கில்லை, அண்ணா. கிழமைக் கணக்கு.

பொய் சொன்னதற்கு உங்களை மன்னிக்க எனக்கு இப்போது மனம் இல்லை. உண்மையை எழுதுங்கள். காசைப் பற்றி ஒரு வரி வந்தாலும் கிழித்துப் போடுவேன்.

சுஜீவா


ஹராரே
14.11.2024

அன்புள்ள சுஜீ,

நான் சுகமில்லை. நாற்பது வருடத்தில் முதல் தரம் இப்படி எழுதுகிறேன், பார்க்கவே புதிதாக இருக்கிறது.

நீ நாள் முழுக்கக் கிழடுகளைத் தூக்கி இருத்துகிறாய், குளிப்பாட்டுகிறாய், காலில்லாதவனின் புண்ணைக் கட்டுகிறாய். உன் கடிதங்களில் அவர்களைப் பற்றி வாசித்திருக்கிறேன். அந்த வரிசையில் என்னையும் ஒரு கட்டிலில் வைத்து நீ பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். எனக்கு நீ என் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் வந்த பிள்ளை. பெருமை என்று சொல், மடத்தனம் என்று சொல், இரண்டும்தான்.

காசைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதாமல் சொல்ல ஏலாது, பொறுத்துக்கொள். செப்டெம்பரில் வலது கால் விரல் நிறம் மாறியதும், இரத்தக் குழாயைத் திறந்துவிட்டால் இந்தக் காலைக் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொன்னார். முற்பணம் அமெரிக்க டொலரில் கட்ட வேண்டும். வைத்தியச் செலவென்று கடிதம் காட்டினால் வங்கி என் ஸிக்கை மாற்றித் தரும். கடிதம் காட்டினேன். திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். கார் விற்ற காசு முற்பணத்துக்குக் கணக்காக இருந்தது. வெள்ளிக்கிழமை ஸிக்கைக் குறைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மிசிஸ் சிபாண்டா என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனா. அதே காசு, முற்பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது.

உன்னிடம் கேட்டிருக்கலாம். பேனை எடுத்து உன் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, தெண்டாயை அனுப்பாதே என்று எழுதினேன். கேட்க வரவில்லை. கொடுத்தே பழகின கை, திருப்பிப் பிடிக்கத் தெரியவில்லை. அந்த இரண்டு கிழமையில் அந்தக் காலும் காப்பாற்ற ஏலாமல் கறுத்துவிட்டது.

2008 எங்கே என்று கேட்டாய். ஓகஸ்டில் பத்துப் பூச்சியம் வெட்டினார்கள். நான் சம்பளத்தைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் விலை இரண்டு தரம் மாறியது. பிறகு விலை இருந்தது, மருந்து இல்லை. சிவாஜினிக்கு இன்சுலின் கிடைக்கவில்லை. அவள் போய்விட்டாள். அந்த அத்தியாயம் இவ்வளவுதான். இதற்குமேல் எனக்கு எழுத வராது.

இந்த நாடு மூன்று தரம் பூச்சியம் வெட்டியது. மூன்றாம் தரம் வெட்டிய பிறகு அந்தக் காசு மூன்று மாதம்கூட இருக்கவில்லை. எனக்கும் இரண்டு தரம் வெட்டியாயிற்று. மூன்றாவது வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். நீ அழுவாய். அழுதுவிட்டு என்னை விட்டுவிடு.

உன் அண்ணன்


மல்கிரேவ்
16.11.2024

அன்புள்ள அண்ணா,

அழுதேன். இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார், அதில் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டிருந்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

எங்கள் இல்லத்தில் எண்பத்தாறு வயதில் ஒரு கிரேக்க மனிதர் இருந்தார். பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போய்க் காலை எடுப்பித்தார்கள். மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து, "ஆர் கேட்டது?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு மறக்காது. ஆகவே உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் களைத்துப்போய், அண்ணியிடம் போக வேண்டும் என்று சொன்னால் நான் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வேன். அந்த வேலையும் எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் சொல்லும் 'வேண்டாம்' அது இல்லை. தங்கச்சியிடம் கேட்க வெட்கப்பட்டு ஒரு காலைக் கொடுத்தீர்கள். இப்போது அதே வெட்கத்துக்கு உயிரைக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். சாவதற்குச் சம்மதிப்பது வேறு, கேட்க வெட்கப்பட்டுச் சாவது வேறு. முதலாவதென்றால் வாயை மூடிக்கொள்வேன். இரண்டாவதென்றால் விடமாட்டேன். உங்கள் வணிகப் பாடமும் வாக்கும் எனக்கு வேண்டாம். ஒரு நாடு கொடுத்த வாக்கை நாற்பது வருடம் நம்பினீர்கள், அது உங்களை எத்தனை தரம் விழுத்தியது? கூடப் பிறந்தவள் கொடுத்த வாக்கு ஒரு நாளும் உங்களுக்குச் செல்லுபடியாகவில்லையே. அதை நினைக்கத்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜொகன்னஸ்பேர்க் வழியாக நவம்பர் முப்பதாம் திகதி சனிக்கிழமை பகல் ஹராரே வந்து இறங்குவேன். வர வேண்டாம் என்று எழுதினாலும் நான் விமானம் ஏறுவேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுவையுங்கள். அதில் இருந்துகொண்டு உங்களைக் கேட்பேன். அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

சுஜீவா


ஹராரே
24.11.2024

அன்பு சுஜீவாவுக்கு,

நீயும் மச்சானும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை ஒரு கிழமை வைத்திருந்தேன். முதல் மூன்று நாள் உன்மேல் கோபம். பிறகு நீ கேட்டதை நானே என்னிடம் கேட்டுப் பார்த்தேன். களைப்பா, வெட்கமா? களைப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் மிசிஸ் சிபாண்டா கதவைத் தட்டும்போது இன்னும் நான் எழும்பத்தான் பார்க்கிறேன்.

டொக்டரிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. அதற்குமேல் பொறுக்க ஏலாது, அதுவே பிந்தித்தான் என்கிறார். பிழைப்பேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முற்பணம் இரண்டாயிரத்து நானூறு அமெரிக்க டொலர். என்னிடம் ஆயிரமும் இல்லை. மிச்சத்தை நீ கொண்டு வா. கிழிசலும் அழுக்கும் இல்லாத தாளாகப் பார்த்து எடு, இங்கே பழைய தாளை வாங்கமாட்டார்கள்.

இந்த நாலு வரியை எழுத எனக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை எடுத்தது. பிறகு திருப்பித் தருவேன் என்று இன்னொரு வரியும் எழுதினேன். அதை அடித்துவிட்டேன். திருப்பித் தர ஏலாது, சுஜீ. வாங்கிக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது. ஓகஸ்டில் தனியாகப் போனபோது இந்தப் பயம் இல்லை. நீ வருகிறாய் என்று தெரிந்த பிறகுதான் வந்தது. கெதியாக வா.

அண்ணன்